மோனோசைட்டுக்கு எந்த மார்க்கர்? இரண்டு நிறத்தில் தொடங்கிய பேனல் ஐந்து நிறத்தில் முடிந்த விதம்

ரத்த வெள்ளணுக்களில் ஒரு வகையான மோனோசைட்டை ஃப்ளோ சைட்டோமீட்டரில் எண்ணத் தொடங்கியிருந்தேன். செல் மேல் உள்ள அடையாள மூலக்கூறுதான் மார்க்கர். அதைப் பிடிக்கும் ஆன்டிபாடியில் நிறச் சாயம் கட்டி, செல்களை ஒவ்வொன்றாக லேசர் முன் ஓட்டி ஒளிர்வை அளக்கும் கருவி அது. ஒரே ஓட்டத்தில் சேர்த்துப் பார்க்கும் மார்க்கர்களின் தொகுப்பைப் பேனல் என்போம். முதல் நாள் திரையில் விழுந்த படத்தைப் பார்த்ததும் மனசு நிறைந்துவிட்டது. கிடை அச்சில் சிடி14, செங்குத்து அச்சில் சிடி16. வலது கீழே அடர்த்தியாக ஒரு திரள், அதிலிருந்து மேலே வளைந்து ஏறும் ஒரு வால், இடது மேலே இன்னொரு திரள். பாடநூலில் பார்த்த அதே வடிவம். கேட் (எந்தச் செல்களை எண்ணுவது என்று படத்தில் போடும் எல்லைக்கோடு) வரைந்து எண்ணை எடுத்தபோதுதான் சந்தேகம் வந்தது. இடது மேலே இருந்த, நான்-கிளாசிக்கல் என்ற வகைக் கூட்டம் மொத்த மோனோசைட்டில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு என்று மென்பொருள் சொன்னது. ரத்தம் கொடுத்தவர் எங்கள் ஆய்வகத்துப் பையன். காய்ச்சல் இல்லை, சளி இல்லை, காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தவன்.

மூத்த ஆய்வாளர் அக்கா பின்னால் வந்து நின்றார்.

"தம்பி, சிடி16 இருக்கிறதெல்லாம் மோனோசைட்டுன்னு யார் சொன்னா?"

"சிடி14-உம் லேசா இருக்கே அக்கா."

"லேசா இருக்குதா, பூஜ்யத்துக்குப் பக்கத்துல பரவி நிக்குதா? எச்எல்ஏ-டிஆர் போட்டுப் பார்த்தியா?"

அந்த மூன்றாவது மார்க்கரைப் போட்டுப் பார்க்கவில்லை. இரண்டே நிறம்தான் வைத்திருந்தேன். அடுத்த ஆறு வாரம் அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதில் போனது. அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

இந்த எண்ணுக்கு நாங்கள் இவ்வளவு மெனக்கெடக் காரணம் இருக்கிறது. மனித ரத்தத்தில் உள்ள மோனோசைட்டுகளை மூன்றாகப் பிரிப்பது வழக்கம். சிடி14 நிறைய, சிடி16 இல்லை என்றால் கிளாசிக்கல். சிடி14 நிறைய, சிடி16-உம் இருக்கிறது என்றால் இண்டர்மீடியட். சிடி14 குறைவு, சிடி16 நிறைய என்றால் நான்-கிளாசிக்கல். சிடி16 உள்ள மோனோசைட்டுகளைத் தனிக் கூட்டமாக 1989-இலேயே காட்டிவிட்டார்கள். மூன்று பெயர்களும் 2010-இல் பொது உடன்பாடாயின. நலமாக உள்ளவரிடம் கிளாசிக்கல் ஏறக்குறைய 85 சதவீதம், மிச்சத்தை மற்ற இரண்டும் பங்கிட்டுக்கொள்ளும். 2015-இல் பிரான்சில் ஒரு குழு, நாள்பட்ட மைலோமோனோசைட்டிக் லுக்கேமியா (மோனோசைட் பெருகும் ஒரு ரத்தப் புற்றுநோய்) நோயாளிகளிடம் கிளாசிக்கல் பங்கு 94 சதவீதத்தைத் தாண்டி நிற்பதைக் காட்டியது. மோனோசைட் எண்ணிக்கை வேறு காரணங்களால் கூடியவர்களிடமிருந்து இவர்களைப் பிரித்தறிய அந்த வரம்பு உதவியது. 2022-இன் உலக சுகாதார நிறுவன வகைப்பாட்டில், மோனோசைட் வகைகளின் பங்கீடு மாறியிருப்பது அந்நோய்க்கு ஒரு துணைச் சான்றாக இடம்பெற்றுவிட்டது. எங்கள் ஆய்வகத்தில் இந்தச் சோதனையை நிறுவ வேண்டும். நோயாளி மாதிரியைத் தொடுவதற்கு முன் நலமானவர்களின் ரத்தத்தில் எண் சரியாக வர வேண்டும்.

94 என்பது ஒரு பின்னம் என்பதை நான் அப்போது சரியாக உணரவில்லை. கணக்குக்கு ஆயிரம் மோனோசைட் எடுத்துக்கொள்வோம்: 850 கிளாசிக்கல், 50 இண்டர்மீடியட், 100 நான்-கிளாசிக்கல். உண்மையான பங்கு 85 சதவீதம். இதில் மோனோசைட் அல்லாத 200 செல் நான்-கிளாசிக்கல் கேட்டுக்குள் நுழைந்துவிட்டால் கிளாசிக்கல் பங்கு 71-க்கு இறங்கிவிடும். மாறாக, நான்-கிளாசிக்கலில் 70-ஐயும் இண்டர்மீடியட்டில் 20-ஐயும் நம் கேட் தவறவிட்டால் அதே பங்கு 93-ஐத் தாண்டும். ஒரு தவறு நோயை மறைக்கும், இன்னொரு தவறு இல்லாத நோயைக் காட்டும். இரண்டு தவறையும் வரிசையாக நான் செய்தேன்.

முதல் தவறு, மேலே சொன்ன படம். சிடி16 என்பது ஆன்டிபாடியின் எஃப்சி பகுதியை, அதாவது வாலை, பிடிக்கும் ஏற்பி. வேறொரு வெள்ளணு வகையான என்கே செல்களில் பெரும்பான்மையிடம் அது நிறைய உண்டு. நியூட்ரோபில்களிடம் அதைவிட அதிகம். நியூட்ரோபில் ரத்த வெள்ளணுக்களில் பாதிக்கும் மேல். அதில் நூற்றில் ஒன்று கசிந்து மோனோசைட் கேட்டுக்குள் வந்தாலும் நான்-கிளாசிக்கல் கூட்டத்தை மூழ்கடித்துவிடும். போதாக்குறைக்கு நியூட்ரோபில் மேல் கொஞ்சம் சிடி14-உம் இருக்கும். ஆக, சிடி14-உம் சிடி16-உம் மோனோசைட்டை மூன்றாகப் பிரிக்கத்தான் உதவும். எது மோனோசைட் என்று சொல்ல அவை இரண்டும் போதாது. பிரிக்கும் மார்க்கரையே அடையாள மார்க்கராகவும் வைத்ததுதான் கோளாறு.

எச்எல்ஏ-டிஆர் சேர்த்து ஓட்டினேன். மூன்று வகை மோனோசைட்டிலும் அது உண்டு. இண்டர்மீடியட்டில்தான் மிக அதிகம். அமைதியாக இருக்கும் நியூட்ரோபிலிடமும் பெரும்பாலான என்கே செல்களிடமும் அது கிடையாது. எச்எல்ஏ-டிஆர் உள்ளவற்றை மட்டும் எடுத்து மறுபடி சிடி14, சிடி16 படத்தைப் போட்டதும், இடது மேலே நின்ற திரளில் பெரும்பகுதி காணாமல் போனது. பி செல்கள், டென்ட்ரைட்டிக் செல்கள் என்ற வேறு வெள்ளணுக்களும் எச்எல்ஏ-டிஆரோடுதான் வரும். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை சிடி14-உம் சிடி16-உம் இல்லாமல் இடது கீழ் மூலையில் ஒதுங்கிவிடும்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். கேட்டுக்குள் இன்னும் சில என்கே செல்கள் இருந்தன, ஏனென்றால் தூண்டப்பட்ட என்கே செல் எச்எல்ஏ-டிஆரைக் காட்டும். தூண்டப்பட்ட டி செல்லும் அப்படித்தான். நலமானவரிடம் இது சிறு தொகை. தொற்று உள்ளவரிடம் சிறு தொகையாக இருக்காது. வேண்டாத செல்களின் மார்க்கர்களையெல்லாம் ஒரே நிறத்தில் கோத்து, அந்த நிறம் ஏறியதை மொத்தமாகக் கழித்துவிடும் வழி ஒன்று உண்டு. ஆய்வகத்தில் அதை டம்ப் சேனல் என்போம். டி செல்லுக்கு சிடி3, பி செல்லுக்கு சிடி19, என்கே செல்லுக்கு சிடி56. மூன்றுமே குளிர்பெட்டியில் பிஇ-சை7 சாயத்தில் இருந்தன. புதிதாக வாங்க வேண்டியதில்லை என்ற மகிழ்ச்சியில் அவற்றையே எடுத்தேன்.

இரண்டாம் தவறு அங்கேதான் ஒளிந்திருந்தது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது தவறு என்று தெரியவே எனக்கு இரண்டு வாரம் ஆனது.

டம்ப் சேர்த்த பிறகு படம் முன்பைவிடச் சுத்தமாக இருந்தது. எண்களும் நம்பும்படி இருந்தன. ஆனால் மொத்த வெள்ளணுவில் மோனோசைட்டின் பங்கு குறைந்திருந்தது. அதே ரத்தத்தை ரத்த அணு எண்ணும் கருவியில் கொடுத்திருந்தோம். அது காட்டிய மோனோசைட் சதவீதத்தோடு ஒப்பிட்டால் என் எண் ஏறக்குறைய பாதிதான். வழியில் எங்கோ செல் தொலைகிறது என்று நினைத்து முதலில் டியூபைச் சந்தேகித்தேன். மோனோசைட்டுக்குப் பிளாஸ்டிக்கில் ஒட்டும் குணம் உண்டு. பாலிஸ்டைரீன் டியூபில் அறை வெப்பத்தில் வைத்தால் சுவரிலேயே தங்கிவிடும். பாலிப்ரொப்பிலீன் டியூபுக்கு மாறினேன், எல்லாவற்றையும் பனிக்கட்டி மேல் வைத்தேன், கழுவும் கரைசலில் 2 மில்லிமோலார் ஈடிடிஏ சேர்த்தேன். இவை எல்லாமே நல்ல பழக்கங்கள், இன்றும் தொடர்கிறேன். எண் கொஞ்சம் ஏறியது. பாதி பாதியாகவே இருந்தது.

அதன்பின் டம்ப் சேனலை கிடை அச்சிலும் சிடி14-ஐ செங்குத்து அச்சிலும் போட்டுப் பார்த்தேன். முதல் நாளே பார்த்திருக்க வேண்டிய படம் அது. சிடி14 நிறைய உள்ள கூட்டம் முழுவதும் வலப்பக்கம் நகர்ந்து நின்றது. டி செல், பி செல் போல் வெகுதூரம் இல்லை. ஆனால் என் டம்ப் கோடு அந்தக் கூட்டத்தின் நடுவில் ஓடியது. கோட்டுக்கு வலப்புறம் நின்ற மோனோசைட்டையெல்லாம் நானே தூக்கி எறிந்துகொண்டிருந்தேன்.

மோனோசைட் மேல் சிடி3 கிடையாது, சிடி19 கிடையாது. பிறகு எப்படி நிறம் ஏறியது? இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, மோனோசைட் மேல் உள்ள எஃப்சி ஏற்பிகள் ஆன்டிபாடியை அதன் வால் பக்கமாகப் பிடித்துக்கொள்வது. அதற்கு, அந்த ஏற்பிகளை முன்கூட்டியே அடைத்துவிடும் எஃப்சி பிளாக் போட்டேன். ஆன்டிபாடி சேர்க்கும் முன் பத்து நிமிடம். நகர்வு சற்றுக் குறைந்தது, போகவில்லை. மற்றது, பிஇ-சை7 போல் இரண்டு சாயத்தை இணைத்துச் செய்த கூட்டுச் சாயங்களில் உள்ள சயனின் பகுதி. அது மோனோசைட்டோடு நேராகவே ஒட்டிக்கொள்ளும். ஆன்டிபாடி எதை நோக்கியது என்பதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை. இதைத் தடுக்கத் தனிக் கரைசலே விற்கிறார்கள்.

சோதித்துப் பார்ப்பது எளிது. ஒரே ரத்தம், மூன்று டியூப். முதலாவதில் சிடி14 மட்டும். இரண்டாவதில் சிடி14-உம் பிஇ-சை7 சாயத்தில் சிடி19-உம். மூன்றாவதில் சிடி14-உம், அதே சிடி19 ஆன்டிபாடி வேறொரு தனிச் சாயத்தில். இரண்டாவது டியூபில் மட்டும் மோனோசைட்டுகள் நகர்ந்து நின்றன. மூன்றாவதில் அசையவே இல்லை. அந்தப் படத்தை அச்சிட்டு மேசைக்கு மேல் ஒட்டி வைத்திருக்கிறேன்.

எனக்கு இதில் வலித்தது ஒன்று. என்கே செல் நுழைந்தபோது எண் கூடி, கண்ணில் பட்டது, அக்கா கேட்டார். மோனோசைட் வெளியே போனபோது படம் சுத்தமாகத்தான் இருந்தது. வேறொரு கருவியின் எண் பக்கத்தில் இல்லாமல் இருந்திருந்தால் அப்படியே நோயாளி மாதிரிக்குப் போயிருப்பேன். அன்றிலிருந்து எந்தக் கேட்டை வரைந்தாலும் உள்ளே இருப்பதை மட்டும் பார்ப்பதில்லை. வெளியே விட்டதை எடுத்து சிடி14 படத்தில் போட்டுப் பார்க்கிறேன். அங்கே ஒரு திரள் நின்றால் கேட் தப்பு.

அந்தப் பழக்கம் மூன்றாவது இழப்பையும் காட்டிக்கொடுத்தது. செல்லின் உருவளவைக் காட்டும் முன்சிதறல், உள்துகள்களைக் காட்டும் பக்கச்சிதறல் இரண்டையும் வைத்த படத்தில் லிம்போசைட்டுக்கும் (டி, பி, என்கே செல்கள்) நியூட்ரோபிலுக்கும் இடையே மோனோசைட் நிற்கும் என்று படித்து, அந்த இடத்தில் இறுக்கமாக ஒரு வட்டம் போட்டிருந்தேன். நான்-கிளாசிக்கல் மோனோசைட் உருவில் சிறியது, லிம்போசைட் பக்கம் சாய்ந்து நிற்கும். என் வட்டத்துக்கு வெளியே, எச்எல்ஏ-டிஆரும் சிடி16-உம் சேர்ந்த ஒரு கூட்டம் தனியாக நின்றது. இப்போது சிதறல் கேட்டை லிம்போசைட்டின் ஒரு பகுதியும் உள்ளே வரும்படி தாராளமாக வரைகிறேன். உள்ளே வந்த லிம்போசைட்டைக் கழிக்கத்தான் டம்ப் இருக்கிறதே.

டம்பை எந்தச் சாயத்துக்கு மாற்றுவது? பசிஃபிக் ப்ளூ கையில் இருந்தது. மங்கலான சாயம்தான், ஆனால் சிடி3-க்கும் சிடி19-க்கும் போதும். சிடி56-க்குப் போதாது. சிடி16 நிறைய உள்ள என்கே செல்தான் நமக்குத் தொல்லை தருவது, அதன் மேல்தான் சிடி56 குறைவாக இருக்கிறது. குறைவாக உள்ள மார்க்கருக்குப் பிரகாசமான சாயம் கொடுக்க வேண்டும் என்பது இந்த வேலையின் அரிச்சுவடி. எனவே பிரில்லியன்ட் வயலட் 421. சிடி3, சிடி19, சிடி56 மூன்றும் அதிலேயே, கூடவே நியூட்ரோபிலைக் கழிக்க சிடி66பி. சிடி15-ஐ வைக்கலாமா என்று யோசித்தேன். மோனோசைட் மேலும் அது கொஞ்சம் இருக்கும் என்பதால் விட்டுவிட்டேன். இவ்வகைச் சாயங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பொய்யான நிறத்தைக் காட்டும் என்பதால் அதற்கான தாங்கல் கரைசலையும் சேர்க்கிறேன். சிடி56-ஐப் பற்றி ஒரு எச்சரிக்கை: லுக்கேமியா மோனோசைட் சிலவற்றில் சிடி56 தென்படும். ஆகவே நோயாளி மாதிரியில் டம்புக்குள் போனதைத் தனியாகப் பார்க்காமல் அறிக்கை எழுதுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம்.

மற்ற மார்க்கர்களையும் சும்மா விடவில்லை. மோனோசைட் மார்க்கர் என்று கேட்டால் எல்லாரும் சொல்லும் பெயர்கள் சிடி64, சிடி33, சிடி11பி, சிடி36. ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்ததில் ஒரே கதைதான் திரும்பத் திரும்ப வந்தது: கிளாசிக்கலில் பளிச்சென்று ஏறும், நான்-கிளாசிக்கலில் மங்கிவிடும். சிசிஆர்2 என்ற மார்க்கரும் அப்படியே. சிடி64-ஐ நுழைவாயிலாக வைத்தால் நான்-கிளாசிக்கல் மோனோசைட்டுகள் வாசலிலேயே நின்றுவிடும், 94 என்ற எண் தானாக வந்துவிடும். மோனோசைட் மார்க்கர் என்று பட்டியலில் எழுதப்படும் பலவும் உண்மையில் கிளாசிக்கல் மோனோசைட்டின் மார்க்கர்கள்தாம். பெரும்பான்மை அதுதான் என்பதால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. மறுபக்கம் நின்று பார்த்தால் சிஎக்ஸ்3சிஆர்1-உம் சிடி11சி-யும் நான்-கிளாசிக்கலில் கூடுதலாக இருக்கும். ஸ்லான் என்ற சர்க்கரை அடையாளம் நான்-கிளாசிக்கலில் பெரும்பான்மைக்கு உண்டு. இண்டர்மீடியட்டுக்கும் நான்-கிளாசிக்கலுக்கும் நடுவே கோடு எங்கே என்று குழம்பும்போது அது கைகொடுக்கும். எங்கள் கருவியில் அதற்குச் சேனல் இடம் இருக்கிறது, பணம்தான் அடுத்த கொள்முதலுக்குக் காத்திருக்கிறது.

அதற்காக சிடி64-ஐ ஒதுக்கிவிடவும் கூடாது. சிடி14 செல்லின் சவ்வில் ஜிபிஐ என்ற கொழுப்பு நங்கூரத்தில் தொங்கும் புரதம். பிஎன்எச் என்று சுருக்கமாகச் சொல்லும் ரத்தநோயில் அந்த நங்கூரமே உருவாகாது, மோனோசைட் இருக்கும், மேலே சிடி14 இருக்காது. அங்கே மோனோசைட்டைக் கண்டுபிடிக்க சிடி64-தான் துணை. கடும் தொற்றில் எச்எல்ஏ-டிஆர் மோனோசைட் மேல் சரிந்துவிடும், நியூட்ரோபிலோ சிடி64-ஐ ஏற்றிக்கொள்ளும். நலமானவரிடம் அருமையாக வேலை செய்த வாசல் அந்த நோயாளியிடம் பாதி மூடியிருக்கும். அதனால் எச்எல்ஏ-டிஆர் கேட்டை ஒரு நிலையான கோடாக வைக்காமல், அதே மாதிரியில் டி செல் எங்கே முடிகிறது என்று பார்த்து அதற்கு மேலிருந்து தொடங்குகிறேன்.

எலியில் வேலை செய்யும் நண்பர் இந்தப் பேனலைக் கேட்டார். கொடுக்கவில்லை, கொடுத்தும் பயனில்லை. அங்கே வகைகளைப் பிரிப்பது எல்ஒய்6சி என்ற மார்க்கர். சிடி11பி-யும் சிடி115-உம் இருந்து, நியூட்ரோபிலின் எல்ஒய்6ஜி இல்லாததை எடுத்து, அதற்குள் எல்ஒய்6சி கூடியது, குறைந்தது என்று பார்ப்பார்கள். சிடி115 வெப்பத்தில் செல்லுக்குள் மூழ்கிவிடும், எனவே ரத்தம் எடுத்த கணத்திலிருந்து பனிக்கட்டிதான். பழைய ஜிஆர்1 ஆன்டிபாடி எல்ஒய்6ஜி, எல்ஒய்6சி இரண்டையுமே பிடிக்கும் என்பதை மட்டும் அவரிடம் அழுத்திச் சொன்னேன்.

இப்போது நாங்கள் ஓட்டும் பேனல் இது. சிடி14 ஏபிசி சாயத்தில், சிடி16 பிஇ-யில், எச்எல்ஏ-டிஆர் எஃப்ஐடிசி-யில், டம்ப் நான்கும் பிரில்லியன்ட் வயலட் 421-இல், இறந்த செல்லை அடையாளம் காண 7-ஏஏடி என்ற சாயம். சிடி16-க்குப் பிஇ கொடுத்ததற்குக் காரணம், கிளாசிக்கலுக்கும் இண்டர்மீடியட்டுக்கும் நடுவில் இயற்கையான இடைவெளி இல்லை. தொடர்ச்சியான சரிவில்தான் கோடு போட வேண்டியிருக்கிறது, பிரகாசமான சாயம் அந்தச் சரிவை நீட்டிக் காட்டும். எச்எல்ஏ-டிஆர் நிறைய இருப்பதால் எஃப்ஐடிசி தாங்கும். மோனோசைட்டின் சொந்த ஒளிர்வு அந்த நிறத்தில்தான் அதிகம், அதனால் மங்கலான மார்க்கர் எதையும் அங்கே வைக்கக் கூடாது. பிஇ-யின் ஒளி 7-ஏஏடி பக்கம் வழியும். அதைக் கழிக்கும் கணக்கை ஒவ்வொரு முறையும் புதிதாகச் செய்கிறோம்.

செய்யும் முறை: உறையாமல் இருக்க ஈடிடிஏ கலந்த ரத்தம் 100 மைக்ரோலிட்டர், எஃப்சி பிளாக் பத்து நிமிடம், ஆன்டிபாடிக் கலவை சேர்த்து இருட்டில், பனிக்கட்டி மேல் முப்பது நிமிடம். சிவப்பணுவை அம்மோனியம் குளோரைடு கரைசலில் உடைக்கிறோம். ஃபார்மால்டிஹைடு கலந்த உடைப்பான் வேண்டாம், செல் உறைந்தபின் 7-ஏஏடியால் உயிருள்ளதையும் இல்லாததையும் பிரிக்க முடியாது. இரண்டு முறை கழுவல், ஓட்டுவதற்குச் சற்று முன் 7-ஏஏடி. ஒவ்வொரு ஆன்டிபாடியையும் முன்கூட்டியே அளவு குறைத்துக் குறைத்துச் சோதித்திருக்கிறோம். மிகுந்தால் மோனோசைட் மேல்தான் முதலில் அழுக்காக ஒட்டும்.

எத்தனை செல் ஓட்டுவது என்பதிலும் முதலில் கஞ்சத்தனம் காட்டினேன். நான்-கிளாசிக்கல் 500 வேண்டும் என்றால், அது மோனோசைட்டில் 7 சதவீதம் என்று வைத்துக்கொண்டு சுமார் 7,000 மோனோசைட் வேண்டும். மோனோசைட் வெள்ளணுவில் 5 சதவீதம் என்றால் ஏறக்குறைய 1,40,000 வெள்ளணு. பத்தாயிரத்தில் நிறுத்தியிருந்தால் நான்-கிளாசிக்கல் முப்பத்தைந்துதான் கிடைத்திருக்கும். இப்போது இரண்டு லட்சத்துக்குக் குறைந்து நிறுத்துவதில்லை.

சிடி16 கோட்டை எங்கே வைப்பது என்பதற்கு, சிடி16 மட்டும் இல்லாத, மற்ற எல்லாம் உள்ள ஒரு டியூபை ஒவ்வொரு நாளும் ஓட்டுகிறோம். அந்த டியூபில் கிளாசிக்கல் திரள் எங்கே முடிகிறதோ அங்கிருந்து மேலே சிடி16 உண்டு என்று கொள்கிறோம். இண்டர்மீடியட்டுக்கும் நான்-கிளாசிக்கலுக்கும் நடுவே சிலர் செங்குத்தாக வெட்டுகிறார்கள், சிலர் சரிவாக வெட்டுகிறார்கள். எங்கள் ஆய்வகத்தில் சரிவு என்று எழுதிக் கையெழுத்திட்டு வைத்திருக்கிறோம். நடுவில் மாற்றினால் பழைய கோப்புகளையெல்லாம் மறுபடி வரைய வேண்டும் என்பதும் அதே தாளில் இருக்கிறது.

போன வாரம் அதே பையனின் ரத்தத்தை மறுபடி ஓட்டினோம். கோப்பை அக்காவிடமும் கொடுத்து, என் எண்ணைச் சொல்லாமல் தனியாகக் கேட் வரையச் சொன்னேன். எனக்கு கிளாசிக்கல் 86, அக்காவுக்கு 85. டம்ப் கழித்துத் தள்ளிய செல்களை சிடி14 படத்தில் போட்டுக் காட்டினேன். சிடி14 நிறைய உள்ள பக்கம் காலியாக இருந்தது.

"சரி, இன்னும் பத்துப் பேர் ரத்தம் எடு. அதுல அஞ்சு பேர் அறுபது வயசுக்கு மேல இருக்கணும்," என்றார். லுக்கேமியா சந்தேகத்தோடு வரும் நோயாளிகளில் பெரும்பாலோர் அந்த வயதுக்காரர்கள். எங்கள் ஆய்வகத்தில் எல்லாருக்கும் முப்பதுக்குள்தான். என் மாமாவையும் அவருடைய நடைப்பயிற்சி நண்பர்களையும் கேட்டிருக்கிறேன். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் படிவம் தயாரானதும் காலை நடை முடித்து நேராக வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.